சின்னக் கல்லூரி... பெரிய கனவு! ஒரு ரன்னிங் பேக்கை எடைபோடுவது எப்படி?

2017 ஏப்ரல் மாதக் கடைசி. அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரம். 'ராக்கி' படத்தில் சில்வஸ்டர் ஸ்டாலோன் மூச்சிரைக்க ஓடி ஏறுவாரே, அந்த அருங்காட்சியகப் படிக்கட்டுகளில் பிரமாண்ட மேடை போட்டிருக்கிறார்கள். மூன்று நாள்களாக ஒவ்வொரு பெயராக வாசிக்கப்படுகிறது. பெயர் வந்தவுடன் அந்தப் பையனின் அம்மா அழுகிறார், தம்பி குதிக்கிறான், மொத்தக் குடும்பமும் கட்டிப்பிடித்துக்கொள்கிறது.

அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல், ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' நிகழ்ச்சி அது. அந்த ஆண்டு மொத்தம் 253 பெயர்கள் வாசிக்கப்பட்டன.

கொலராடோ மாநிலத்தில் ஈட்டன் என்ற சிறு ஊரில் வளர்ந்த ஆஸ்டின் எக்லர் என்ற இளைஞரின் பெயர் அதில் இல்லை. கல்லூரியில் ஐயாயிரம் யார்டுகளுக்கு மேல் ஓடியவர். ஆனாலும் 32 அணிகளில் ஒன்றுகூட அவரைக் கூப்பிடவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2022 சீசன் முடிந்தபோது, என்.எஃப்.எல்-லில் அதிக டச் டவுன் அடித்தவர் அவர்தான். முந்தைய ஆண்டும் அந்தப் பட்டியலின் உச்சியில் அவர் இருந்தார். அந்த 32 அணிகளின் நிபுணர்கள் எதைப் பார்க்கத் தவறினார்கள்? அடுத்த எக்லர் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்காவில் கோடிக்கணக்கான ரசிகர்கள் ஆண்டுதோறும் மண்டையைக் குடைந்துகொள்ளும் கேள்வி இது.

அது என்ன ரன்னிங் பேக்?

இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அணிக்கு 11 பேர் களத்தில். பந்து கையில் இருக்கும் அணி, நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். யார்டு என்பது நம் கெஜம்தான், மூன்று அடி. முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சி. இப்படியே போய் எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச் டவுன், ஆறு புள்ளிகள்.

பந்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். அவரிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் பாய்பவர்தான் ரன்னிங் பேக். கபடியில் ரெய்டு போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால், பிடிக்க வருபவர்களில் சிலர் 130 கிலோ எடை இருப்பார்கள்!

ஓடுவது அவருடைய முதல் வேலை. வீசப்படும் பந்தைப் பிடிப்பது இரண்டாவது. தன் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வருபவரைக் குறுக்கே நின்று தடுப்பது மூன்றாவது. கல்லூரியில் பெரும்பாலும் முதல் வேலைக்குத்தான் கைத்தட்டல். தொழில்முறை ஆட்டத்தில் மற்ற இரண்டும்தான் பலருடைய தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன.

நான்கு படிக்கட்டுகள்

அமெரிக்காவில் என்.சி.ஏ.ஏ அமைப்பின் கீழ் ஃபுட்பால் ஆடும் கல்லூரிகள் 650-க்கும் மேல். எல்லாம் ஒரே தரமல்ல. உச்சியில் எஃப்.பி.எஸ். அலபாமா, ஒஹாயோ ஸ்டேட் போன்ற பெரும் பல்கலைக்கழகங்கள் இங்கேதான். ஓர் ஆட்டத்துக்கு லட்சம் பேர்கூட வருவார்கள். அடுத்து எஃப்.சி.எஸ். அதற்குக் கீழே இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன்.

வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? நீண்ட காலமாக இருந்த விதிப்படி, எஃப்.பி.எஸ் கல்லூரி ஒன்று 85 ஃபுட்பால் வீரர்களுக்குப் படிப்புச் செலவைக் கொடுக்கலாம். எஃப்.சி.எஸ் கல்லூரிக்கு 63. இரண்டாம் டிவிஷனுக்கு 36. மூன்றாம் டிவிஷனுக்குப் பூஜ்யம். அதாவது, கீழே போகப் போக எதிரில் நிற்பவர்களின் உடல்வாகு, வேகம், பயிற்சி எல்லாமே குறையும்.

எக்லர் ஆடியது இரண்டாம் டிவிஷனில். கொலராடோ மலைகளுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,700 அடி உயரத்தில் இருக்கும் கன்னிசன் என்ற ஊரின் வெஸ்டர்ன் ஸ்டேட் கல்லூரி. இப்போது வெஸ்டர்ன் கொலராடோ பல்கலைக்கழகம். பெரிய அணிகளின் ஆள்தேடிகள் சாதாரணமாக எட்டிப் பார்க்கும் இடமல்ல.

சின்னக் கல்லூரியிலிருந்து யாரும் வந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் ஆடிய வால்டர் பேட்டன், 1975 டிராஃப்டில் நான்காவது ஆளாக எடுக்கப்பட்டார். 1987-ல் ஓய்வு பெற்றபோது 16,726 யார்டு ஓடி, அன்றைய உலகச் சாதனையை வைத்திருந்தார். இன்றைக்கு எஃப்.சி.எஸ் பிரிவின் சிறந்த வீரர்களுக்கான விருதே அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஆனால், பேட்டன்கள் தலைமுறைக்கு ஒருவர். மற்றவர்களை எப்படி எடைபோடுவது?

இரண்டு சாதனையாளர்கள்... இரண்டு முடிவுகள்

டேனி உட்ஹெட் என்று ஒருவர். நெப்ராஸ்கா மாநிலத்தின் சாட்ரன் ஸ்டேட், இதுவும் இரண்டாம் டிவிஷன் கல்லூரி. 2006-ல் ஒரே சீசனில் 2,756 யார்டு ஓடினார். நான்கு ஆண்டுகளில் மொத்தம் 7,962 யார்டு. எல்லா டிவிஷன்களையும் சேர்த்து, அன்றைக்கு அதுதான் கல்லூரி வரலாற்றிலேயே அதிகம்.

அந்தச் சாதனை ஒரே ஆண்டில் உடைந்தது. ஒஹாயோவின் மவுண்ட் யூனியன் என்ற மூன்றாம் டிவிஷன் கல்லூரி வீரர் நேட் கிமிக், 2008-ல் 8,074 யார்டு என்ற கணக்கோடு கல்லூரி வாழ்க்கையை முடித்தார்.

ஒரு ஆளைவிட இன்னொருவர் 112 யார்டு அதிகம். எண்ணை மட்டும் பார்த்தால் கிமிக்தான் பெரிய ஆள். ஆனால், கிமிக்கால் என்.எஃப்.எல் ஆட்டம் ஒன்றில்கூட இறங்க முடியவில்லை. உட்ஹெட்டையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை என்றாலும், நான்கு அணிகளில் 2017 வரை தாக்குப்பிடித்தார்.

ஐந்தடி எட்டு அங்குல உயரம்தான் உட்ஹெட். 2010-ல் நியூயார்க் ஜெட்ஸ் அணி அவரைக் கழற்றிவிட்டது. சில நாள்களிலேயே நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் எடுத்துக்கொண்டது. அங்கே ஆடியபோது, ஒரு விளையாட்டுப் பொருள்கள் கடையில் விற்பனையாளர்போல நின்று, தன் பெயர் போட்ட ஜெர்சியையே வாடிக்கையாளர்களிடம் விற்க முயன்றார். வந்தவர்களுக்கு எதிரில் நிற்பது உட்ஹெட் என்று தெரியவில்லை! தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட அந்த வேடிக்கை வீடியோ அப்போது பிரபலம்.

அவரைக் காப்பாற்றியது எது? பந்தைப் பிடிக்கும் கை. 2015-ல் சான் டியாகோ சார்ஜர்ஸ் அணிக்காக அவர் ஓடியது வெறும் 336 யார்டு. ஆனால், 80 முறை பந்தைப் பிடித்து 755 யார்டு சேர்த்தார். கல்லூரியில் ஓட்டத்தில் உலகச் சாதனை செய்தவர், தொழில்முறை ஆட்டத்தில் பிழைத்தது ஓட்டத்தால் அல்ல. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதைக்கு இதுதான் சாவி.

நண்பர்கள் லீகில் நடக்கும் ஏலம்

இப்போது ரசிகர்கள் பக்கம் வருவோம். நம் ஊரில் கிரிக்கெட்டுக்கு ஃபேன்டஸி டீம் போட்டுப் பழகியவர்களுக்கு விஷயம் எளிதில் புரியும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு இந்தியாவில் 2025-ல் தடைச் சட்டம் வந்துவிட்டது. அமெரிக்காவில் இந்தப் பழக்கத்துக்கு வயது அறுபதுக்கு மேல். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், 1962-ல் ஒரு ஹோட்டல் அறையில் நண்பர்களோடு உட்கார்ந்து விதிகளை எழுதினார். அடுத்த ஆண்டு முதல் லீக் நடந்தது.

பொதுவாக 10 அல்லது 12 பேர் ஒரு லீக். அலுவலகத் தோழர்கள், கல்லூரி நண்பர்கள், மாமன் மச்சான்கள். ஒவ்வொருவரும் மாறி மாறி நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வீரர் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாரோ அது புள்ளியாகும். பரவலாக இருக்கும் கணக்கு இது: 10 யார்டுக்கு 1 புள்ளி, டச் டவுனுக்கு 6 புள்ளி. 'பி.பி.ஆர்' என்ற முறையில், பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் கூடுதலாக 1 புள்ளி.

இந்தக் கடைசி விதி சின்ன விஷயமல்ல. உட்ஹெட்டின் 2015 கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓடியதும் பிடித்ததும் சேர்த்து 1,091 யார்டு: 109 புள்ளி. ஒன்பது டச் டவுன்: 54. பிடித்த 80 பந்துகளுக்கு 80. மொத்தம் 243. மூன்றில் ஒரு பங்கு, பந்தைப் பிடித்ததற்காக மட்டுமே!

'டைனஸ்டி' என்ற வகை லீகும் உண்டு. இதில் வீரரை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். அதனால் கல்லூரியிலிருந்து வரும் புதியவர்களை முன்கூட்டியே கண்டுபிடிப்பவருக்கு லாபம். சின்னக் கல்லூரிப் பையனைக் கடைசிச் சுற்றில் எடுத்து, அவன் நட்சத்திரமானால் பல ஆண்டுகளுக்கு நண்பர்களிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஒன்று: சின்ன இடத்தில் ராஜாவாக இருந்தாரா? பெரிய கல்லூரி வீரர் ஆண்டுக்கு 900 யார்டு ஓடினால்கூட நிபுணர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அவருக்கு எதிரில் நின்றவர்கள் அப்படி. சின்னக் கல்லூரி வீரருக்கு அந்தச் சலுகை இல்லை. அங்கே அவர் தனியாகத் தெரிய வேண்டும். இல்லினாய் ஸ்டேட் என்ற எஃப்.சி.எஸ் கல்லூரியின் ஜேம்ஸ் ராபின்சன், 2019-ல் 1,917 யார்டு ஓடினார். இது நுழைவுச்சீட்டு மட்டுமே, உத்தரவாதமல்ல. கிமிக்கின் கதையைத்தான் பார்த்தோமே.

இரண்டு: பெரிய கல்லூரியோடு மோதியபோது என்ன செய்தார்? எஃப்.சி.எஸ் அணிகள் ஆண்டுக்கு ஓரிரு முறை பெரிய பல்கலைக்கழகங்களோடு ஆடும். அந்த வீடியோவைத்தான் முதலில் தேட வேண்டும். நார்தர்ன் அயோவா வீரர் டேவிட் ஜான்சன், 2014 சீசனின் முதல் ஆட்டத்தில் பெரிய அணியான அயோவாவை எதிர்கொண்டார். ஐந்தே ஐந்து பந்துகளைப் பிடித்து 203 யார்டு! அணி தோற்றது. ஆனால், பெரிய இடத்துப் பையன்களால் அவரைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை என்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இரண்டாம், மூன்றாம் டிவிஷன் வீரர்களுக்கு இப்படியொரு பரீட்சை எழுதும் வாய்ப்பே பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவர்களைக் கணிப்பது இன்னும் கடினமாவதற்கு இதுவும் காரணம்.

மூன்று: உடலும் வேகமும் ஒத்துழைக்கின்றனவா? இண்டியானாபொலிஸ் நகரில் ஆண்டுதோறும் 300-க்கும் மேற்பட்டவர்களை அழைத்து 40 யார்டு ஓட்டம், நின்ற இடத்தில் குதித்தல், 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்குகிறார் என்றெல்லாம் சோதிப்பார்கள். எதிராளி யாராக இருந்தாலும் கடிகாரம் பொய் சொல்லாது என்பதால், சின்னக் கல்லூரி வீரருக்கு இந்தச் சோதனை மிக முக்கியம். ஆறடி ஓர் அங்குலம், 101 கிலோ எடையுள்ள ஜான்சன் 4.50 விநாடியில் ஓடினார். அந்த உடம்புக்கு அது அபார வேகம். ஆனால், எக்லர் போன்ற பலருக்கு அந்த அழைப்பே வருவதில்லை.

நான்கு: ஓடுவதைத் தவிர வேறு என்ன தெரியும்? பந்தைப் பிடிப்பாரா, தடுப்பாரா, கிக் அடிக்கும் சமயங்களில் இறங்கும் 'ஸ்பெஷல் டீம்ஸ்' குழுவில் ஓடி ஓடி வேலை செய்வாரா? கோடிகளைக் கொட்டி எடுத்த வீரர் ஒருவர் ஓடுவதற்கு ஏற்கெனவே இருப்பார். இரண்டாவது, மூன்றாவது ஆளாக இருப்பவர் வேறு ஏதோ ஒன்றில் உதவினால்தான் 53 பேர் கொண்ட இறுதி அணியில் இடம்.

ஐந்து: கதவு திறக்குமா? போகும் அணியில் முன்னால் யார் இருக்கிறார், அவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, பயிற்சியாளர் ரன்னிங் பேக்குக்குப் பந்தை வீசும் பழக்கம் உள்ளவரா? திறமையைப் பற்றி நூறு பேர் எழுதுவார்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. ஃபேன்டஸி லீகை ஜெயிக்க வைப்பது பெரும்பாலும் இதற்கான பதில்தான்.

எக்லருக்குத் திறந்த கதவு

இந்த ஐந்தையும் எக்லரிடம் பொருத்திப் பாருங்கள். முதல் கேள்விக்கு ஆம். இரண்டாவதற்குப் பதில் சொல்லவே வாய்ப்பு குறைவு. மூன்றாவதை நேரில் வந்து பார்க்கப் பெரிய கூட்டமில்லை. டிராஃப்ட் முடிந்ததும் சார்ஜர்ஸ் அணி அவரைப் பயிற்சி முகாமுக்கு எடுத்துக்கொண்டது. அதே டிராஃப்டில் நான்காவது ஆளாக ஜாக்சன்வில் அணி எடுத்த ரன்னிங் பேக் லியோனார்ட் ஃபோர்னெட்டுக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 2.7 கோடி டாலர் உறுதி. எக்லர் மாதிரி வருபவர்களுக்கு உறுதியாகக் கிடைப்பது பெரும்பாலும் சில ஆயிரம் டாலர்தான். பிடிக்கவில்லையென்றால் மறுநாளே மூட்டையைக் கட்டச் சொல்லலாம்.

முகாமில் 90 பேர். சீசன் தொடங்கும்போது 53 பேர். ஓர் அணிக்கு 37 பேர் வீதம் 32 அணிகளில் ஏறத்தாழ 1,200 இளைஞர்கள் வேலையிழக்கும் காலம் அது. எக்லர் அதைத் தாண்டியது ஸ்பெஷல் டீம்ஸ் உழைப்பாலும், பந்தைப் பிடிக்கும் கையாலும்.

2017 நவம்பரில் ஜாக்சன்வில் அணியோடு ஓர் ஆட்டம். எக்லர் இரண்டு டச் டவுன் அடித்தார். ஆனால், அணி முன்னிலையில் இருந்தபோது, கடைசி நிமிடங்களில் பந்தைக் கைநழுவ விட்டார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 20-17 என்று அணி தோற்றது. டிராஃப்டில் எடுக்கப்படாத ஒரு புதியவருக்கு அத்தோடு கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. 27 பந்துகளைப் பிடித்து, ஐந்து டச் டவுனோடு அந்த சீசனை நிறைவு செய்தார்.

கதவு திறந்தது 2019-ல். அணியின் முதன்மை ரன்னிங் பேக் மெல்வின் கார்டன், 2015-ல் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர். புது ஒப்பந்தம் கேட்டு முகாமுக்கு வராமல் இருந்துவிட்டார். முதல் ஆட்டத்தில் இண்டியானாபொலிஸ் அணிக்கு எதிராக எக்லர் இறங்கினார். 154 யார்டு, மூன்று டச் டவுன். அதில் கடைசியாக அடித்தது, கூடுதல் நேரத்தில் அணியை ஜெயிக்க வைத்தது. பி.பி.ஆர் கணக்கில் ஒரே நாளில் 39 புள்ளிகள்!

நான்கு ஆட்டங்கள் கழித்து கார்டன் திரும்பி வந்தார். ஆனாலும் எக்லரை வெளியே உட்கார வைக்க முடியவில்லை. அந்த சீசனில் ஓடியது 557 யார்டு, பிடித்த 92 பந்துகளில் 993 யார்டு. ஓடுபவராகப் பார்த்தால் சாதாரணம். முழு ஆட்டக்காரராகப் பார்த்தால் லீகின் முன்னணி வீரர். 2020 மார்ச்சில் நான்கு ஆண்டுகளுக்கு 2.45 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2021-ல் 20 டச் டவுன். 2022-ல் 18 டச் டவுன், 107 பந்துகளைப் பிடித்தார். அந்த ஆண்டு பி.பி.ஆர் கணக்கில் ரன்னிங் பேக்குகளிலேயே முதலிடம்.

திறந்த கதவு மூடினால்?

மேலே சொன்ன ஜேம்ஸ் ராபின்சனுக்குக் கதவு இன்னும் வேகமாகத் திறந்தது. 2020 டிராஃப்டில் அவரையும் யாரும் எடுக்கவில்லை. ஜாக்சன்வில் முகாமுக்குப் போனார். ஆகஸ்ட் 31 அன்று, சீசன் தொடங்கச் சில நாள்களே இருக்கும்போது, அந்த அணி தன் முதன்மை ரன்னிங் பேக்கை நீக்கியது. அவர் யார் தெரியுமா? மூன்றாண்டுகளுக்கு முன் நான்காவது ஆளாக எடுக்கப்பட்ட அதே ஃபோர்னெட்!

ராபின்சன் 14 ஆட்டங்களில் 1,070 யார்டு ஓடினார். பிடித்ததையும் சேர்த்தால் 1,414 யார்டு. டிராஃப்டில் எடுக்கப்படாத புதியவர்களில் அதுவே சாதனை. பத்து டச் டவுன். எந்த லீகிலும் பெரும்பாலானோர் கண்டுகொள்ளாத பெயர், சுமார் 250 புள்ளிகளைக் கொட்டியது.

அடுத்து நடந்ததுதான் பாடம். 2021 ஏப்ரலில் ஜாக்சன்வில் அணி, முதல் சுற்றிலேயே டிராவிஸ் ஈட்டியன் என்ற ரன்னிங் பேக்கை எடுத்தது. சாதனை செய்தவர் இருக்கும்போதே! ஈட்டியன் காயத்தால் அந்த சீசன் முழுவதும் ஆடவில்லை, அதனால் ராபின்சனுக்கு இன்னோர் ஆண்டு கிடைத்தது. டிசம்பரில் அவருக்குக் குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாண் அறுந்தது. 2022 அக்டோபரில் வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். அதன்பிறகு எங்கேயும் நிலையான இடம் அமையவில்லை.

முதல் சுற்றில் எடுத்த வீரர் சொதப்பினாலும் அணி மூன்று ஆண்டுகள் பொறுமை காக்கும். அவரிடம் முதலீடு போட்டிருக்கிறார்களே! இலவசமாக வந்தவர் சாதனை செய்தாலும், ஒரு காயத்துக்கு அப்புறம் காத்திருக்க யாரும் இல்லை. ரன்னிங் பேக்குகளின் சராசரித் தொழில் வாழ்க்கை மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு என்று சொல்லப்படும் லீகில், இது சின்ன வித்தியாசமல்ல.

அப்படியானால் எடுக்கலாமா, வேண்டாமா?

எடுக்கலாம். ஆனால், விலை தெரிந்து எடுக்க வேண்டும்.

டேவிட் ஜான்சன் போல, பெரிய கல்லூரிக்கு எதிராக நிரூபித்து, சோதனைகளிலும் ஜொலித்து, டிராஃப்டின் மூன்றாம் சுற்றுக்குள் எடுக்கப்பட்டவர் என்றால் தைரியமாக நம்பலாம். 2015-ல் 86-வது ஆளாக அரிசோனா அணிக்குப் போன ஜான்சன், அடுத்த ஆண்டே 2,118 யார்டு, 20 டச் டவுன் என்று பின்னியெடுத்தார். அணியும் முதலீடு போட்டிருக்கிறது என்பதால் வாய்ப்பு தானாக வரும்.

டிராஃப்டில் எடுக்கப்படாதவர் என்றால், உங்கள் லீகின் கடைசிச் சுற்று மட்டுமே அவருக்கான இடம். பந்தைப் பிடிக்கத் தெரிந்தவரா என்று பாருங்கள். பயிற்சி முகாமின் கடைசி வாரச் செய்திகளைத் தவறவிடாதீர்கள். ராபின்சனுக்குக் கதவு திறந்ததே அப்போதுதான். திடீரென்று புள்ளிகளைக் கொட்டினால், அடுத்த ஏப்ரல் டிராஃப்ட் வருவதற்குள் அவரை நல்ல விலைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றும் யோசியுங்கள். 2021 ஏப்ரலுக்கு முன் ராபின்சனை மாற்றிக்கொண்டவர்கள் தப்பித்தார்கள்.

இன்னொன்று. எக்லர், உட்ஹெட், ராபின்சன் என்று மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டோம் என்பதற்காக எல்லாச் சின்னக் கல்லூரியிலும் வைரம் புதைந்திருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படும் 1,200 பேரைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. ரசிகர்களுக்கு நஷ்டம் ஒரு கடைசிச் சுற்றுத் தேர்வு மட்டும்தான். அந்தப் பையன்களுக்கு அது பத்துப் பதினைந்து வருட உழைப்பு.

எக்லரின் கால்களும் என்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. 2024-ல் வாஷிங்டன் அணிக்கு மாறினார். 2025 செப்டம்பரில், 30 வயதில், சீசனின் இரண்டாவது ஆட்டத்திலேயே அவருக்கும் அக்கிலிஸ் தசைநாண் அறுந்தது. ராபின்சனுக்கு நேர்ந்த அதே காயம். ஆனால், எக்லருக்கு அது வந்தது ஒன்பதாவது சீசனில். நடுவில் கிடைத்த அந்த ஆண்டுகளை அவர் ஓடியும், பிடித்தும், தடுத்தும் சம்பாதித்திருந்தார்.

உச்சத்தில் இருந்தபோது, 'எக்லர்ஸ் எட்ஜ்' என்ற பெயரில் யாஹூ நிறுவனத்துக்காக ஒரு நிகழ்ச்சி நடத்தினார். எந்த வீரரை எடுக்கலாம், யாரை விடலாம் என்று ரசிகர்களுக்கு ஃபேன்டஸி ஆலோசனை சொல்லும் நிகழ்ச்சி அது. 253 பெயர்களில் ஒன்றாகக்கூட வாசிக்கப்படாதவரிடம், யாரை எடுக்கலாம் என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது!